மரத்திலிருந்து விழுந்ததாகச் சொன்னார்கள்

ஜனவரி 18, ஞாயிறு

இன்று விடுப்பு. வாரத் துணிகளைத் துவைத்துப் போட்டேன். தலைக்குக் குளித்துவிட்டு மத்தியானம் வரை ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். இந்த மலையடிவார ஊருக்கு மாற்றலாகி அண்ணன் வீட்டோடு வந்து தங்கியதில் ஒரு சௌகரியம், சமையல் என் பொறுப்பில்லை. நங்கை கொள்ளுப் பருப்பு கடைந்திருந்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் நர்ஸ் ரெஜினா தூத்துக்குடிக்காரி. அவளுக்கு இந்தச் சொல் வேடிக்கையாக இருக்கிறதாம். போனில் நான் "நங்கை" என்று பேசும்போதெல்லாம் சிரிக்கிறாள்.

சாப்பிடும்போது அண்ணன் சோளக்காட்டுப் பேச்சையே பேசிக்கொண்டிருந்தார்.

"பன்னிக மறுக்காவும் எறங்கிருச்சு அம்மிணி. நல்லதம்பி காட்டுலயும் நம்ம காட்டுலயும் கீழ்வரப்பு முழுக்க ஒடச்சுத் தள்ளீருச்சு. அறுக்கற நேரத்துல இப்பிடி."

"மனு குடுத்தீங்களேண்ணா?"

"குடுத்தது குடுத்த எடத்துலயே கெடக்குது. நல்லதம்பி ஏதோ ஏற்பாடு பண்ணலாங்கறான்."

சோறு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன். கோவையிலிருந்து என் வீட்டுக்காரர் போன் செய்தார். பொங்கலுக்கு வர முடியாமல் போனதற்கு மறுபடியும் வருத்தப்பட்டார். அடுத்த வாரம் வருகிறாராம்.

ஜனவரி 19, திங்கள்

காலையில் நான் அவசரப் பிரிவுக்குள் நுழையும்போதே ஒரு சின்ன சரக்கு வண்டி வாசலில் நின்றது. நல்லதம்பியின் வண்டி. அண்ணனின் பக்கத்துக் காட்டுக்காரர், சிறுவயதிலிருந்து தெரிந்தவர். பின்னால் சாக்குமேல் ஒருவரைப் படுக்க வைத்திருந்தார்கள். மலைமேல் ஊர்க்காரர், அறுப்பு வேலைக்காக இறங்கி வந்து காட்டுச் சாளைக் குடிசையில் தங்கியிருப்பவர். பெயர் கெம்பன் என்று நல்லதம்பி சொன்னார். முப்பத்தைந்து வயது இருக்கலாம்.

"தென்ன மரத்துல இருந்து உழுந்துட்டானுங்க டாக்டரு. எளநி வெட்ட ஏறுனான்."

கெம்பன் கண் திறந்திருந்தது. ஆனால் கேட்டதற்குப் பதில் வரவில்லை. நாக்கின் ஓரம் பல் பட்டுக் கிழிந்திருந்தது. இரண்டு கைகளையும் வயிற்றோடு ஒட்டி உள்பக்கம் முறுக்கி வைத்திருந்தார். உள்ளங்கையை மேலே திருப்பிப் பார்க்க முயன்றேன். அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். கழுத்து, முதுகு, இடுப்பு எங்கும் அடிபட்ட அடையாளம் இல்லை. தென்னையிலிருந்து விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குதிகால் நொறுங்கியிருக்கும், இல்லாவிட்டால் முதுகெலும்பு.

தோள்களை எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னேன். முன்பக்கமிருந்து எடுத்த படத்தில் எலும்பு எதுவும் முறியவில்லை. மூட்டும் இருக்கிற இடத்தில் இருப்பது போலவே தெரிந்தது. நானும் சரி என்று வைத்துவிட்டேன். இதை இங்கே எழுதத்தான் வேண்டும். வைத்துவிட்டேன்.

மணிக்கட்டைப் பிடித்தபோதுதான் நாடி தாறுமாறாக ஓடுவது தெரிந்தது. ஈசிஜி எடுத்தோம். தாள் வெளியே வர வர ரெஜினாவே, "என்ன மேடம் இது, கோணல்மாணலா வருது" என்றாள். ஒவ்வொரு பெரிய அலைக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்க வேண்டும், மேல் அறைகள் சுருங்குவதின் அடையாளம். அது எங்குமே இல்லை. அதன் இடத்தில் நடுக்கம் மட்டும். அலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. மேல் அறைகள் துடிக்காமல் படபடத்துக்கொண்டிருக்கின்றன. திடகாத்திரமான ஆள். மரத்திலிருந்து விழுந்ததற்கு இதயம் ஏன் இப்படி ஆக வேண்டும்?

மறுபடியும் எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் மாட்டினேன். மேற்கை எலும்பின் தலையை முன்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் புடைத்து ஊன்றுகோல் கைப்பிடி போல வளைந்திருக்கும். இதில் இரண்டு பக்கமும் சமமாக உருண்டு, பல்பு மாதிரி இருந்தது. வலது தோளிலும் இடது தோளிலும். எலும்பு உள்பக்கமாகத் திரும்பிப் பூட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பக்கவாட்டில் எடுக்கச் சொன்னேன். இரண்டு மூட்டுகளும் குழியை விட்டுப் பின்பக்கம் நழுவியிருந்தன.

தோள் இறங்கி வருகிறவர்களுக்கு அது பெரும்பாலும் முன்பக்கம்தான் இறங்கியிருக்கும். பின்பக்கமாக, அதுவும் இரண்டும் ஒரே சமயத்தில் நழுவ வேண்டுமென்றால், உடம்பிலுள்ள தசையெல்லாம் ஒன்றாக இறுகி இழுத்திருக்க வேண்டும். வலிப்பு வந்தால் அப்படி ஆகும். மின்சாரம் பாய்ந்தால் ஆகும்.

காலைக் கழுவச் சொன்னேன். சேறு போனதும் வலது முழங்காலுக்குக் கீழே, சாம்பல் நிறத்தில் குழிந்த ஒரு கோடு. சூடு போட்டது போல. கம்பி பட்ட இடம்.

வெளியே வந்து நல்லதம்பியிடம் கேட்டேன். "கரண்ட் அடிச்சதாங்க?"

"அதெல்லாம் இல்லீங்களே. மரத்துல இருந்துதானுங்க."

"கால்ல கம்பி சுட்ட காயம் இருக்குது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "எனக்கென்னங்க தெரியும், கெடந்தான், தூக்கிட்டு வந்தேன்" என்றார். சற்று நேரத்தில் வண்டியையும் காணோம், அவரையும் காணோம்.

மின்தாக்குதல் என்று சந்தேகம் என எழுதிக் காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பினேன். கெம்பனின் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. கருகிய தசையின் கழிவு. சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேண்டும். இரண்டு கையிலும் சலைன் ஓடிக்கொண்டே இருக்கிறது. மத்தியானம் எலும்பு மருத்துவர் வந்து, மயக்கம் கொடுத்து, இரண்டு தோள்களையும் குழிக்குள் ஏற்றினார். மயக்கத்துக்குப் போகும் முன் கெம்பன் "மாதி, மாதி" என்று முனகினார். ஏதாவது சாமியின் பெயராக இருக்கும் என்று ரெஜினா சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபோது நங்கை அண்ணனின் வேட்டியையும் சட்டையையும் மட்டும் தனியாக ஊற வைத்திருந்தார். நேற்றுதானே எல்லாவற்றையும் துவைத்தோம் என்றேன். சேறு என்றார்.

அண்ணன் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "கெம்பன் பேசறானா அம்மிணி?" என்று கேட்டார்.

இன்னும் தெளியவில்லை என்றேன். ஆஸ்பத்திரியில் நடந்ததை நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. ஊருக்குள் பெயர் அதற்குள் பரவிவிட்டது போலிருக்கிறது. நல்லதம்பி சொல்லியிருப்பார்.

ஜனவரி 20, செவ்வாய்

காலை எடுத்த ஈசிஜியில் இதயம் தானாகவே ஒழுங்குக்கு வந்திருந்தது. சின்ன மேடு, பெரிய அலை, பிறகு அடுத்தது. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். சிறுநீரும் வெளுத்து வருகிறது.

கெம்பன் பத்து மணி வாக்கில் நன்றாகத் தெளிந்தார். கைகள் இரண்டும் உடம்போடு கட்டப்பட்டிருப்பதைப் பார்த்துப் பயந்தார். மூட்டு நழுவியது, ஏற்றிவிட்டோம், சில வாரம் அசைக்கக்கூடாது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"மாதியப் பொம்பளைங்க வார்டுல படுக்க வெச்சிருக்கீங்களா?"

"யாரு மாதி?"

"எம் பொண்டாட்டிங்க."

ரெஜினா என் முகத்தைப் பார்த்தாள். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க கூட யாரும் வரலையே. உங்கள மட்டுந்தான் கொண்டு வந்தாங்க."

"இல்லீங்க. அவளும்தான இருந்தா." அவர் எழுந்திருக்கப் பார்த்தார். பிடித்துப் படுக்க வைத்தோம். "விடியக் கருக்கல்ல பள்ளத்து ஓடைக்குத் தண்ணி எடுக்கப் போனோங்க. நா முன்னால போனேன். கால்ல என்னமோ புடிச்சு இழுத்துச்சு. அப்படியே வெட்டி வெட்டி இழுக்குது, வாயத் தொறக்க முடியல. அவ கொடத்தப் போட்டுட்டு ஓடியாந்தா. என்னயப் புடிச்சு இழுத்தா. அவ்வளவுதானுங்க தெரியும்."

மரத்தில் ஏறினீர்களா என்று கேட்டேன். எனக்கு மரம் ஏறத் தெரியாது என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்தவையெல்லாம் வேறு யாரோ செய்தது போல இருக்கிறது. நிலையத்துக்குப் போன் செய்தேன். சப்-இன்ஸ்பெக்டர் ஜெயசுதா உடனே வந்தார், சின்ன வயது, குறுக்கே பேசாமல் கேட்கிறவர். கெம்பன் சொன்னதை எழுதிக்கொண்டார். நேராக நல்லதம்பியிடம் போனார். சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. அந்தப் பெண் புருசனோடு சண்டை போட்டுக்கொண்டு முந்தின நாளே மலைக்குப் போய்விட்டாள் என்று நல்லதம்பி சொல்கிறாராம். மலைமேல் ஊரில் போன் எடுக்காது. ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

ஒரு வார்டில் ஒருவரைக் காப்பாற்றிவிட்டோம் என்று நேற்று முழுக்க நான் சந்தோஷமாக இருந்திருக்கிறேன். இரண்டு பேர் என்பது தெரியாமலே.

வீட்டில் அண்ணன் சாப்பிடாமல் காத்திருந்தார். "அது கரண்டுதான்னு எப்படிக் கண்டுபுடிச்ச? அவஞ் சொன்னானா?"

கெம்பன் சொல்வதற்கு முன்பே கண்டுபிடித்தேன் என்று சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. தோளின் படம் பல்பு போல இருந்ததை, ஈசிஜித் தாளில் மேடுகள் காணாமல் போனதை, கால் காயத்தை எல்லாம் விளக்கினேன். அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பத்தாவதில் முதலாவதாக வந்தபோது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்தான். இன்று, "நல்லாத்தான் படிச்சிருக்கற" என்றார்.

நங்கைக்குத் தலைவலியாம். சீக்கிரம் படுத்துவிட்டார்.

ஜனவரி 21, புதன்

மாதி மலைக்குப் போகவில்லை. அவளுடைய அண்ணனும் ஊர்க்காரர்களும் காலையிலேயே இறங்கி வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் சத்தம் போடவில்லை. டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னேன், குடித்தார்கள். நல்லதம்பி காட்டையும் பள்ளத்தையும் போலீஸ் பகல் முழுக்கத் தேடியது. பள்ளத்துக்குப் போகும் தடத்தில் நசுங்கிய குடம் ஒன்று கிடைத்தது. கம்பி எதுவும் இல்லை.

கெம்பன் என்னிடம் எதையும் கேட்பதில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறார். அவ்வளவுதான்.

மற்றபடி ஒரு பாம்புக்கடி, இரண்டு பைக் விபத்து, ஒரு குழந்தை மூக்கில் சீதாக்கொட்டை. கொட்டையை எடுத்ததும் அந்தக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்குத் திருப்பிச் சிரிக்க வரவில்லை.

சாயங்காலம் அண்ணன் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து இரண்டு மூன்று நாளாகியிருக்கும். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"அம்மிணி, கரண்ட் அடிச்சு மூச்சுப் பேச்சில்லாமக் கெடந்தா, செத்துட்டாங்கன்னுதான அர்த்தம்?"

"அப்படி இல்லீங்ண்ணா. இதயம் துடிக்காம நடுங்கிக்கிட்டு நிக்கும். நெஞ்சுல அழுத்திக்கிட்டே கொண்டு வந்தா நாங்க ஷாக் குடுத்துத் திருப்பிருவோம். கரண்ட் அடிச்சவங்க அப்படி நெறையப் பேரு பொழச்சிருக்காங்க. மூச்சு மட்டும் நின்னு, நாடி ஓடிக்கிட்டிருக்கறவங்களும் உண்டு."

"பாக்கறதுக்குப் பொணமாட்டவே இருப்பாங்களா?"

"ஆமாங்ண்ணா. தொட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

அவர் எழுந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனார். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பித்தம் என்றார். மாத்திரை கொடுத்தேன்.

களைப்பாக இருக்கிறது. வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 22, வியாழன்

அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜனவரி 23, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதிவிட வேண்டும்.

நேற்றுக் காலையில் வேலைக்குப் போகும் முன் எங்கள் காட்டுக்குப் போனேன். கீரை பறித்து வருகிறேன் என்று நங்கையிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். எங்கள் காட்டில் இப்போது கீரை இல்லை என்பது நங்கைக்கும் தெரியும்.

கீழ்வரப்பில் கம்பி இல்லை. ஆனால் வரப்பு நெடுக முளைக்குச்சி நட்டுப் பிடுங்கிய துளைகள் இருந்தன, நடக்கிறவர் காலில் தட்டுகிற உயரத்துக்குக் கம்பி கட்டும் குச்சிகள். ஓரிடத்தில் புல் கருகியிருந்தது. துளைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அவை நல்லதம்பி காட்டிலிருந்து தொடங்கவில்லை. எங்கள் மோட்டார் ரூமில் போய் முடிந்தன.

மோட்டார் ரூமுக்குப் பின்னால், முன்பு மண் எடுத்த பழைய குழியின்மேல் சோளத்தட்டுப் போர் ஒன்று போட்டிருந்தது. எங்கள் சோளம் இன்னும் அறுக்கவில்லை. காட்டிலேயேதான் நிற்கிறது. போருக்குத் தட்டு எங்கிருந்து வந்தது? கிட்டப் போய்ப் பார்த்தேன். பச்சைத் தட்டு. கதிரைக்கூட ஒடிக்காமல் அப்படியே வெட்டிக் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். கதிரோடு யாரும் போர் போட மாட்டார்கள். தட்டின் தோகை இன்னும் முழுதாக வாடவில்லை. நான் அந்தத் தோகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கும் பார்க்க முடியவில்லை.

பின்னால் பைக் சத்தம் கேட்டது. அண்ணன்.

"வா அம்மிணி, ஊட்டுக்குப் போலாம்."

"இதுக்கடியில என்னங்ண்ணா இருக்குது?"

அவர் வண்டியை நிறுத்தாமலே கீழே விட்டார். அது சாய்ந்து விழுந்தது. எடுத்து நிறுத்தவும் இல்லை. வரப்பில் உட்கார்ந்தார்.

"கம்பி நம்முளதாங்ண்ணா?"

"கம்பி அவனுது. லைன் நம்முளுது. பன்னிக்குத்தான் கட்டுனோம். வெளிச்சம் வந்ததும் லைன அமத்தலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவங்க வந்துட்டாங்க."

"அப்புறம்?"

"நாங்க வர்றப்ப ரெண்டு பேரும் கெடந்தாங்க. அவன் மொனகுனான். அவ சும்மா கெடந்தா." அண்ணன் இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவே வைத்து நெருக்கிக்கொண்டார். "நல்லதம்பிதான் சொன்னான். ஒருத்தன்னா மரத்துல இருந்து உழுந்துட்டான்னு சொல்லிக்கலாம். ரெண்டு பேரு ஒரே மரத்துல இருந்து உழுவாங்களான்னு."

நான் மருத்துவம் படித்தவள், விபத்துகளைத் தினமும் பார்க்கிறவள். ஆனாலும் இந்த வாக்கியம் எனக்குப் புரிய நேரமானது. ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்தான். சேர்த்துப் பார்த்தால் புரியவில்லை.

"நாடி பாத்தீங்களா?"

"இல்ல."

"மூச்சு?"

"பாக்கல அம்மிணி."

"ஏங்ண்ணா பாக்கல?"

அவர் கீழே கிடந்த பைக்கைப் பார்த்தார்.

"பாத்து, இருந்துச்சுன்னா... தூக்கிட்டு வரோணுமே."

நான் போனை எடுத்தேன். யாருக்கு என்று கேட்டார். ஸ்டேஷனுக்குங்ண்ணா என்றேன். தடுக்கவில்லை. ஜெயசுதாவிடம் இடத்தைச் சொன்னேன். யாருடைய காடு என்று அவர் கேட்டார். எங்களுடையது என்றேன்.

"ஊட்டுக்குப் போயி சட்டைய மாத்திக்கிட்டு வந்தர்றேன்" என்றார் அண்ணன்.

"வேண்டாங்ண்ணா. இங்கயே இருங்க."

இருந்தார். ஜீப் வரும்வரை நாங்கள் இருவரும் ஒரே வரப்பில், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எதிரில் தட்டுப்போர். அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. இன்றும் வரவில்லை. போலீஸ்காரர்கள் தட்டை அள்ளத் தொடங்கியதும் ஜெயசுதா என்னைத் தோளைப் பிடித்து வேறு பக்கம் திருப்பினார். ஆனால் அதற்குள் நான் பார்த்துவிட்டேன். பச்சை ரப்பர் வளையல் போட்ட கை.

பரிசோதனையை நான் செய்யவில்லை, செய்யவும் கூடாது. வேறு மருத்துவர் வந்து செய்தார். மாதியின் உள்ளங்கைகள் கருகியிருந்தனவாம், புருசனைப் பிடித்து இழுத்த கைகள். மின்சாரம் பாய்ந்து இறப்பு. எப்போது இதயம் நின்றது, உடனேயா, கொஞ்சம் கழித்தா, தட்டுக்கு அடியில் போன பிறகா, அதைச் சொல்ல வழியில்லை என்று அவர் என்னிடம் தனியாகச் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். கெம்பனின் இதயத்துக்குச் சுருள் சுருளாகத் தாள் இருக்கிறது, கோணலாக ஓடியதும், நேரானதும். மாதியின் இதயத்துக்கு ஒரு கோடுகூட யாரும் எடுக்கவில்லை.

கெம்பனிடம் மாதியின் அண்ணன் சொன்னார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து ரெஜினா வெளியே வந்து, "முகத்தத் தொடச்சு விடச் சொல்றார் மேடம். கை கட்டியிருக்குல்ல" என்றாள். திரும்ப உள்ளே போனாள்.

நல்லதம்பியைப் பவானி பேருந்து நிலையத்தில் பிடித்துவிட்டார்கள். நான் வாக்குமூலம் கொடுத்தேன். திங்கட்கிழமை அண்ணன் கெம்பனின் பெயரைச் சொன்னது, தனியாக ஊறிய வேட்டி சட்டை, புதன்கிழமை அவர் கேட்ட கேள்வி, எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவும் எனக்கு வரிசையாக நினைவிருந்தது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. ஜெயசுதா எழுதிக்கொண்டே, "இதெல்லாம் அப்பவே தோணலீங்களா மேடம்?" என்று கேட்டார். தண்ணீர் கேட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது என் பெட்டி வாசலில் இருந்தது. நங்கை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வீங்கியிருந்தது.

"நீ காட்டுக்குப் போவாம இருந்திருக்கலாமுல்ல அம்மிணி" என்றார். திட்டவில்லை. கெஞ்சுவது போலத்தான் இருந்தது, நடந்து முடிந்ததை இப்போதும் நான் மாற்றிவிட முடியும் என்பது போல.

"அந்தப் பொண்ணு அங்கயே கெடக்கட்டுங்கறீங்களா?"

அவர் கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்தினார்.

ரெஜினாவின் அறையில் தங்கியிருக்கிறேன். வீட்டுக்காரர் கோவையிலிருந்து வருகிறார்.

ஜனவரி 24, சனி

மாதியை மலைமேல் அவர்கள் ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். கெம்பனை அனுப்பலாமா என்று கேட்டார்கள். சிறுநீரகம் தேறிவிட்டது. ஈசிஜி நேற்றும் இன்றும் சரியாக இருக்கிறது. ஆனால் ஜீப் குலுக்கலில் தோள் மறுபடி நழுவலாம். நான் கூடப் போகிறேன் என்று சொன்னேன். மருத்துவமனையில் யாரும் என்னைத் தடுக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை.

வளைவு வளைவாக ஏறும் பாதை. கெம்பன் நடுவில், ஒரு பக்கம் அவர் மச்சான், மறுபக்கம் நான். வழி முழுக்க அவர் தோளுக்கு என் கையை அண்டை கொடுத்திருந்தேன். ஊருக்கு முன்னால் ஒரு சுனையருகே நிறுத்தச் சொல்லிக் கெம்பன் தண்ணீர் கேட்டார். டம்ளரை நான்தான் அவர் வாயில் வைத்துப் பிடித்தேன்.

ஊரில் என்னைப் பார்த்ததும் பெண்கள் சிலர் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். யார் என்று தெரிந்துவிட்டது. யாரும் கிட்டே வரவில்லை, போகச் சொல்லவும் இல்லை. நான் ஜீப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

குழியில் இறக்கியதும் ஒவ்வொருவராக மண் போட்டார்கள். கெம்பனின் முறை வந்தபோது மச்சான் அவருக்குப் பதிலாகப் போட மண்ணை அள்ளினார். கெம்பன் வேண்டாம் என்று தலையசைத்தார். சுற்றிலும் பார்த்தார், என்னைக் கண்டுபிடித்தார்.

"டாக்டரம்மா, கட்ட அவுத்து உடுங்க."

"மூட்டு எறங்கிரும். இன்னும் சில வாரம் அசைக்கக் கூடாது."

"ஒரு கை மட்டும் அவுத்து உடுங்க. மண்ணு போடோணும்."

போனேன். வலது கைக் கட்டை அவிழ்த்தேன். முழங்கையைக் கீழிருந்து தாங்கிப் பிடித்து, தோள் அசையாமல் இன்னொரு கையால் பின்பக்கம் அண்டை கொடுத்தேன். அவர் மிக மெல்ல முன்கையை நீட்டினார். வலி முகத்தில் தெரிந்தது. அவ்வளவு கிட்டத்தில் நின்றபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க அந்தத் தோட்டத்துக்காரரு தங்கச்சியாமுங்க?"

"ஆமாங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் முழங்கையை விட்டுவிட வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. விட்டால் கை தொங்கிவிடும், மூட்டு நழுவிவிடும். விடாமல் பிடித்திருப்பதற்கு எனக்கு என்ன உரிமை என்றும் தெரியவில்லை.

"நல்லாப் புடிச்சுக்குங்க" என்றார் கெம்பன். "ஆடுது."

மச்சான் அவர் உள்ளங்கையில் மண்ணை வைத்தார். விரல்கள் முழுதாகத் திறக்கவில்லை. மண் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விழுந்தது. அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னொருக்கா."

மச்சான் மறுபடி வைத்தார். அதுவும் விழுந்தது. அதற்குப் பிறகு மச்சானால் முடியவில்லை, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். கெம்பன் வெறும் கையை நீட்டியபடியே நின்றார். போதும் என்று அவர் சொல்லவில்லை. நான் ஒரு கையால் அவர் முழங்கையைத் தாங்கியபடி, மண்டியிட்டு, மறு கையால் மண்ணை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.